குமரித் தந்தை நேசமணியும் எல்லைத் தொகுதியும்



நம் சங்க மலரில் ஆண்டுதோறும் தமிழ்ப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது வழக்கம். புலவர்களும் அரசர்களும் வந்து போன இப்பக்கங்களுக்கு இம்முறை நான் ஒரு வக்கீலை அழைத்து வருகிறேன். அவர் காவியம் பாடியவர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். ஆயினும் மக்கள் அவரை மார்ஷல் என்று அழைத்தனர். குமரித் தந்தை என்று போற்றினர். அவர் ஏந்திய படைக்கலம் வாக்குச் சீட்டு. அதைக் கொண்டே ஓர் எல்லைக்கோட்டை இடம் பெயர்த்துக் காட்டிய அப்பெருமகனார் பெயர் அ. நேசமணி.

அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது ஒரு பெயர்ப் பட்டியல். கேரளச் சட்டசபைக்குப் பாறசாலைத் தொகுதியிலிருந்து சென்றவர்களின் பட்டியல் அது. குஞ்சுகிருஷ்ணன் நாடார், கமாலியேல், சத்தியநேசன், சுந்தரன் நாடார், செல்வராஜ் என்று அது நீள்கிறது. இப்பெயர்களை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் படித்தால் எவரும் வியப்படையார். ஆனால் இவை திருவனந்தபுரத்துச் சட்டசபையின் ஏட்டில் உள்ள பெயர்கள். இவை எவ்வாறு அங்கே சென்றன? இவற்றை ஒத்த வேறு பெயர்கள் எவ்வாறு சென்னைச் சட்டசபைக்கு வந்தன? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுந்தேன். தேடிய வழியெல்லாம் நேசமணியே எதிர்ப்பட்டார்.

நான் எல்லையோரத்துக் கிராமத்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் முதலில் நெய்யாற்றின்கரை வரும். அடுத்துப் பாறசாலை வரும். அதனை அடுத்துக் களியக்காவிளை வரும். பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. இடையே மலையும் இல்லை, கடலும் இல்லை. ஒரு சோதனைச் சாவடியே உண்டு. அப்புறத்திலும் மரச்சீனித் தோட்டம், இப்புறத்திலும் மரச்சீனித் தோட்டம். என் பாட்டி பிறந்த ஊர் கோட்டுக்கு அப்பால். வாழ்ந்து மறைந்த ஊர் இப்பால். எங்கள் பக்கத்துப் பேச்சில் தமிழும் மலையாளமும் பாலும் நீரும்போலக் கலந்தே ஓடும். இத்தகைய நிலத்தில் இதுவரை தமிழகம் என்று கோடு கிழிப்பது எளிதா? அந்த அரிய வேலையைத் தேர்தலின் வழியே செய்ய முயன்றதுதான் நேசமணியின் வாழ்க்கை.

இருக்கை

நேசமணி 1895 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12 ஆம் நாள் பள்ளியாடியில் பிறந்தார். அப்பொழுது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. அவர் பிறந்த நாடார் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது. 1859 ஆம் ஆண்டில்தான் சமஸ்தானம் இறங்கி வந்தது. நேசமணி பிறந்தபொழுது அந்த வெற்றிக்கு வயது 36. எனவே அவரைத் தாலாட்டிய கிழவிகளுக்கு அப்போராட்டம் கதையன்று. கண்ணால் கண்ட நிகழ்ச்சி.

மதத் தொண்டர்கள் நடத்திய பள்ளிகள் அப்பகுதியில் கல்விக் கண்ணைத் திறந்து வைத்தன. நேசமணி நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரத்திலும் பயின்றார். சட்டமும் படித்துத் தேறினார். 1921 முதல் நாகர்கோவிலில் வக்கீல் தொழில் நடத்தலானார். அங்கே அவர் கண்டது என்ன? வக்கீல்களின் அறையில் மேற்சாதியினர் அமர நாற்காலிகள் இருந்தன. மற்றவர் அமர முக்காலிகள் இருந்தன. குடிக்கும் நீருக்கும் தனித்தனிப் பானைகள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று வாதாடுவோர், அவ்வாதம் முடிந்ததும் சாதிக்கு ஏற்ற இருக்கையைத் தேடி அமர்ந்தனர்!

நேசமணி அந்த முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அமர்ந்தார் என்றும், தனிப் பானை முறைக்கும் முடிவு கட்டினார் என்றும் நாகர்கோவிலில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவரது பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்பொழுது இச்செய்தி அவருக்கு முற்றும் பொருந்துகிறது. இருக்கை இல்லாதவனுக்குக் குரல் இல்லை என்பதை இளமையிலேயே உணர்ந்தவர் அவர். தமக்கு ஓர் இருக்கை கிடைத்ததும் அமைதி கொள்ளவில்லை. தம் மக்களுக்கு எங்கெங்கே இருக்கை இல்லையோ அங்கெல்லாம் கேட்டார். பின்னாளில் அதே வக்கீல்கள் அவரைத் தங்கள் சங்கத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

வாக்கு

திருவிதாங்கூர் 1888 ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றும் ஆலோசனைச் சபை ஒன்றை அமைத்துக்கொண்ட சமஸ்தானம். 1904 இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் தோன்றியது. ஆனால் அச்சபைகளில் ஏழைக்கு இடம் ஏது? வரி கட்டுவோரும் சொத்துடையோருமே வாக்காளர். உழுபவனும் பனையேறியும் மீனவனும் வேடிக்கை பார்ப்போர். 1930களில் ஈழவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகியோர் இம்முறையை எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்று போராடியதும் இதனாலேயே. நேசமணி 1940களில் சமஸ்தானச் சட்டசபையில் அமர்ந்து, அதன் நடைமுறைகளை உள்ளிருந்தே கற்றார்.

இதற்கிடையே மொழிச் சிக்கல் தலைதூக்கியது. சமஸ்தானத்தின் தென்கோடியில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, கிழக்கே செங்கோட்டை, மலைமேல் தேவிகுளம், பீர்மேடு. இவ்விடங்களில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். ஆனால் அலுவலகத்திலும் பதவியிலும் மலையாளமே ஆட்சி செய்தது. விடுதலை நெருங்க நெருங்க, மலையாள நாடுகள் யாவும் ஒன்றாகி ஐக்கிய கேரளம் ஆக வேண்டும் என்னும் குரல் வலுத்தது. அப்படியானால் தமிழர் நிலை யாது? இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே தமிழர் காங்கிரஸ். 1945 டிசம்பர் 16 ஆம் நாள் நாகர்கோவிலில் அது தொடங்கப்பட்டது. சாம் நத்தானியேல், பி. எஸ். மணி போன்றோர் அதற்கு வித்திட்டவர்கள். மறு ஆண்டில் அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது.

தொடக்கத்தில் அது சிறு குழுவே. 1947 செப்டம்பர் 8 ஆம் நாள் நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் நேசமணி அவ்வியக்கத்தில் இணைந்தார். அன்று முதல் இயக்கம் நகரத்துப் படித்தவர்களின் மண்டபத்திலிருந்து இறங்கிக் கல்குளத்து வயல்வெளிக்கும் விளவங்கோட்டுப் பனங்காட்டுக்கும் சென்றது. வயது அப்பொழுது அவருக்கு 52. பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவத்தில் அவர் போராட்டத்தைத் தொடங்கினார்.

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் தேர்தல் வந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை! சொத்துக் கணக்கு ஒழிந்தது, தலைக்கணக்கு வந்தது. தோழர்களே, இம்மாற்றத்தின் பெருமையை இன்று நாம் முழுதும் உணர மாட்டோம். மேலாடைக்குப் போராடிய பாட்டியின் பேத்தி, திவானின் கணக்கில் ஒரு பொருட்டாக இராதவள், ஒரு சீட்டை ஏந்திப் பெட்டியின் அருகே நின்றாள். அவள் சீட்டும் செல்வர் வீட்டுச் சீட்டும் ஒரே எடை.

அத்தேர்தலில் தமிழ்நாடு காங்கிரஸ் 18 இடங்களில் போட்டியிட்டு 14 இடங்களை வென்றது. 120 பேர் கொண்ட சபையில் 14 பேர் சிறு தொகையே. ஆனால் அந்த 14 இடங்களும் தமிழர் வாழும் நிலத்தில் கிடந்தன. தேர்தல் முடிவே ஒரு தேசப்படமாக அமைந்துவிட்டது! எவரும் மனு எழுதி நிறுவ வேண்டியதை மக்கள் வாக்கால் நிறுவினர். அதற்கு விலையும் கொடுத்தனர். தேர்தலையொட்டி எழுந்த கலவரங்களில் போலீசார் சுட்டதில் மங்காட்டுத் தேவசகாயமும் கீழ்க்குளத்துச் செல்லையாவும் உயிர் நீத்தனர். எல்லைப் போரில் விழுந்த முதல் இருவர் அவர்கள்.

எல்லை

1949 ஜூலை 1 ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் இராஜ்ஜியமாக இணைந்தன. தமிழர் அதனுள் மேலும் சிறுபான்மையாயினர். நேசமணி சோர்ந்தார் அல்லர். 1952 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் நாகர்கோவில் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவர் கட்சி 108 பேர் கொண்ட சட்டசபையில் 8 இடங்களைப் பெற்றது.

எட்டு இடத்தால் என்ன செய்ய முடியும்? இங்கேதான் நேசமணியின் அரசியல் நுட்பத்தைக் காண்கிறோம். காங்கிரசுக்கு அச்சபையில் 44 இடங்களே கிடைத்தன, பெரும்பான்மை இல்லை. எனவே ஏ. ஜே. ஜான் அமைச்சரவை தமிழ்நாடு காங்கிரசின் துணையோடு அமைந்தது. தமிழர் கோரிக்கை கவனிக்கப்படாதபொழுது அத்துணை விலக்கிக்கொள்ளப்பட்டது. 1953 செப்டம்பரில் அமைச்சரவை வீழ்ந்தது. தராசின் இரு தட்டும் ஏறத்தாழச் சமமாக நிற்கும்பொழுது ஒரு குன்றிமணியும் முடிவு செய்யும். அந்தக் குன்றிமணியை எப்பொழுது இடுவது, எப்பொழுது எடுப்பது என்பதை அறிந்தவர் நேசமணி.

1954 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல். இம்முறை தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களை வென்றது. ஆட்சிக்கு வந்தவர் பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. 19 இடங்களே பெற்ற கட்சி, காங்கிரசின் ஆதரவால் அரியணை ஏறியது. தமிழர் போராட்டத்தை அவர் உறுதியோடு எதிர்த்தார். 1954 ஜூலையில் தடையை மீறித் தேவிகுளம் சென்ற நேசமணியும் அவர் தோழர்கள் அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோரும் கைதாயினர். தலைவர்கள் சிறைப்பட்ட செய்தி தெற்கே தீயாய்ப் பரவியது.

ஆகஸ்டு 11 ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாட மக்கள் திரண்டனர். மார்த்தாண்டத்தை அடுத்த தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர். பலர் மாண்டனர், எண்ணற்றோர் காயமுற்றனர், வீடுவீடாகத் தேடுதல் நடந்தது. ஜனநாயக சோஷலிசம் பேசும் கட்சி, தேர்தலில் வென்று வந்த ஒரு கோரிக்கைக்குக் குண்டால் விடை கூறியது. அக்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, சிறையில் இருந்தபடியே, தம் கட்சி முதலமைச்சரே பதவி விலக வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாதம் முற்றி அகில இந்தியக் கட்சியே பிளவுபட்டது. விளவங்கோட்டுக் கிராமத்தில் வெடித்த துப்பாக்கியின் ஒலி அலகாபாத் வரை கேட்டது என்று சொல்வது மிகையாகாது.

இதற்கு முன்பே, 1953 டிசம்பரில், மத்திய சர்க்கார் ராஜ்யங்கள் சீரமைப்புக் கமிஷனை அமைத்திருந்தது. பசல் அலி தலைவர். குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் உறுப்பினர். நேசமணியின் இயக்கம் ஒன்பது வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்பவற்றோடு ஒன்பதாவதாக நின்றது நெய்யாற்றின்கரை. ஆம், பாறசாலையைத் தன்னகத்தே கொண்ட அதே நெய்யாற்றின்கரை.

1955 செப்டம்பர் 30 ஆம் நாள் கமிஷன் தன் அறிக்கையை அளித்தது. தெற்கே நான்கு வட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் 100 க்கு 79 பேர் தமிழர். செங்கோட்டையில் 93 பேர். எனவே இவ்வைந்தும் சென்னை இராஜ்ஜியத்தைச் சேர வேண்டும் என்று கமிஷன் கூறியது. தேவிகுளத்திலும் 100 க்கு 72 பேர் தமிழரே. ஆனால் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகும் மக்கள் என்றும், மலைவளம் கேரளத்துக்கு வேண்டும் என்றும் காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. தேயிலைக்கு உழைத்துத் தலைமுறைகள் கழித்தவனும் வழிப்போக்கன் என்றே எண்ணப்பட்டான்! பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை ஆகியவையும் கிடைக்கவில்லை.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். தேவிகுளத்தைப் பற்றி நமக்கு வருத்தம் கொள்ள நியாயம் உண்டு. நெய்யாற்றின்கரையைப் பற்றி என்ன சொல்வது? அவ்வட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் மலையாளம் பேசுவோரே மிகுதி. பெரும்பான்மை என்ற எந்தக் கோலால் அளந்து விளவங்கோட்டைப் பெற்றோமோ, அதே கோலால் அளந்துதான் நெய்யாற்றின்கரை மறுக்கப்பட்டது. ஒரு கோலை நமக்கு ஆதாயம் வரும்பொழுது மட்டும் ஏற்பது நடுவுநிலைமை ஆகாது.

ஆனால் வேறொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. எந்த வட்டத்துக்குள் எண்ணுவது? வட்டம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு எண்ணியதால், பாறசாலையை ஒட்டிய சிற்றூர்களில் தமிழ் பேசிய குடும்பங்கள் நெய்யாற்றின்கரையின் பெருந்தொகையில் கரைந்துபோயின. அவ்வாறே விளவங்கோட்டின் மேற்கோரத்தில் மலையாளம் பேசிய குடும்பங்கள் தமிழரின் பெருந்தொகையில் கரைந்துபோயின. வடக்கு எல்லையில் நடந்தது வேறு. ஆந்திரத்துக்கும் சென்னைக்கும் இடையே கிராமத்தையே அலகாகக் கொண்டு எண்ணினர். 1960 இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. தெற்கே கிராமத்தைக் கேட்கவில்லை, வட்டத்தையே கேட்டனர். எண்ணிக்கை பொய் சொல்லாது. ஆனால் எண்ணும் வளையத்தைப் பெரிதாக்கினால் ஒரு விடை வரும். சிறிதாக்கினால் வேறு விடை வரும்.

1956 நவம்பர் 1 ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. நான்கு வட்டங்கள் அதில் அடங்கின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. களியக்காவிளை இப்புறமாயிற்று, பாறசாலை அப்புறமாயிற்று.

இரண்டு சட்டசபைகள்

அடுத்த சில மாதங்களில், 1957 இன் தொடக்கத்தில், நாடெங்கும் பொதுத்தேர்தல் நடந்தது. அதுவரை ஒரே சட்டசபைக்கு ஆள் அனுப்பிய அண்டை ஊரார் அம்முறை இரு வேறு சட்டசபைகளுக்கு வாக்களித்தனர். அண்ணன் 126 பேர் கொண்ட கேரளச் சட்டசபைக்கு. தங்கை 205 பேர் கொண்ட சென்னைச் சட்டசபைக்கு. அத்தேர்தலில் கேரளத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி மலர்ந்தது. இங்கே காமராசர் ஆட்சி தொடர்ந்தது. பாறசாலையில் வென்றவர் குஞ்சுகிருஷ்ணன் நாடார். 1960 தேர்தலிலும் அவரே வென்றார். இப்புறத்தில் கிள்ளியூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றவர் நேசமணி.

அதே வேளையில் அவர் செய்த மற்றொரு செயல் என் உள்ளத்தைக் கவர்ந்தது. தமிழ்நாடு காங்கிரசைக் கலைத்து, இந்தியக் காங்கிரசோடு இணைத்துவிட்டார். கட்சி என்பது ஒரு தோணி. ஆறு கடந்தபின் அதைத் தலையில் சுமந்து நடப்பவர் பலர். நேசமணி கரையில் விட்டுவிட்டு நடந்தார். ஒன்பதில் ஐந்துதானே கிடைத்தது, அதற்குள் தோணியை விடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. என் கருத்து இது: பகையைத் தீனியாகப் போட்டு வளர்க்கும் கட்சி நெடுநாள் வாழும், ஆனால் அது வாழும்வரை எல்லையோரத்தில் இரு மொழியாரும் அமைதியாக உறங்க முடியாது. கல்யாணமும் காதுகுத்தும் கோட்டைத் தாண்டியே நடக்கும் எங்கள் ஊர்களில் அந்த அமைதிக்கு விலை மிகுதி.

1962 இல் நேசமணி மீண்டும் நாகர்கோவிலிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1967 இல் வந்த பெரும்புயலை நாம் அறிவோம். தமிழகத்தில் 39 பாராளுமன்ற இடங்களில் காங்கிரசுக்குத் தேறியவை 3. விருதுநகர்ச் சட்டசபைத் தொகுதியில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அப்புயலிலும் சாயாமல் நின்ற மூன்றில் ஒன்று நாகர்கோவில். மக்கள் கட்சிக்கு வாக்களிக்கவில்லை. நேசமணிக்கு வாக்களித்தனர் என்றே கொள்ள வேண்டும். மறு ஆண்டு, 1968 ஜூன் 1 ஆம் நாள், தமது 73 ஆம் பிறந்த நாளுக்குப் பதினொரு நாட்களே இருக்கையில் அவர் மறைந்தார். 1969 இல் நடந்த இடைத்தேர்தலில் அந்த இடத்துக்குக் காமராசரே வந்து நின்றார், வென்றார். முக்காலியை உதைத்த மனிதர் விட்டுச் சென்ற இருக்கை, தோற்றுப்போன பெருந்தலைவருக்கு மீண்டும் ஓர் அரங்கத்தை அளித்தது.

எல்லைக்கு அப்பால் பாறசாலை தன் வழியே நடந்தது. 1965 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கேரளச் சட்டசபை, எவருக்கும் பெரும்பான்மை இன்றிக் கூடாமலே கலைந்தது. பின்னர்க் காங்கிரசும் மார்க்சிஸ்டுகளும் அத்தொகுதியை மாறி மாறிப் பெற்றனர். 1996 இல் சுந்தரன் நாடார் எக்கட்சியையும் சாராமல் நின்றே வென்றார். பின்பு துணைச் சபாநாயகரும் ஆனார். 2006 இல் பாறசாலையில் மார்க்சிஸ்டாக வென்ற செல்வராஜ், 2011 இல் நெய்யாற்றின்கரையில் வென்று, 2012 இல் பதவி விலகிக் காங்கிரசுக்காக நின்று அங்கேயே மறுபடி வென்றார். 2016, 2021 தேர்தல்களில் பாறசாலை ஹரீந்திரன் வழியாக மார்க்சிஸ்டுகளிடம் இருந்தது.

இவ்வரலாற்றில் மொழிச் சண்டை இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழ் வேர் கொண்ட சமூகங்கள் அங்கே மலையாளத்தில் பிரசங்கம் கேட்டு, மலையாளத்தில் சுவரொட்டி படித்து, தம் ஆட்களையே தேர்ந்தெடுத்தன. இருக்கை கிடைத்தது. ஆனால் வீட்டுத் தமிழ் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பாட்டியின் தமிழ் பேரனுக்குப் புரிகிறது. எழுத்துக் கூட்டத்தான் தெரியவில்லை.

எல்லைக்கு இப்பால் வேறொரு குறை. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டின் ஏறத்தாழ 9,200 ஏக்கருக்கு நீர் தருவதற்காக அமைந்தது. அணை கட்டத் தொடங்கிய நாளில் அணையும் வயலும் ஒரே இராஜ்ஜியத்தில் இருந்தன. 1956 இல் அணை அப்புறமும் வயல் இப்புறமும் ஆயின. 2004 இல் நீர் நின்றது. 2012 இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. இதில் ஒரு விந்தை உண்டு. 2008 ஆம் ஆண்டுச் சீரமைப்பின்படி அணை இருக்கும் கள்ளிக்காடு ஊராட்சி பாறசாலைத் தொகுதியில் அடங்கியது. வெள்ளறடை, அம்பூரி, குன்னத்துகால், கொல்லயில் முதலியனவும் அதிலேயே. அதாவது அணையருகே வாழ்பவர் வாக்குப் பாறசாலை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். காய்ந்த கால்வாயின் கரையில் நிற்கும் விளவங்கோட்டு உழவனுக்கு அங்கே வாக்கு இல்லை. அவன் வாக்கு விழும் சபைக்கு அணை மேல் அதிகாரம் இல்லை. அவன் குரல் எந்த வளையத்துக்குள்ளும் எண்ணப்படவில்லை!

நமக்குரிய பாடம்

நேசமணியின் வாழ்க்கையை நான் மூன்று படிகளாகக் காண்கிறேன். முதலில் இருக்கை கேட்டார். அது மனிதனின் மானம். அடுத்து வாக்கைத் திரட்டினார். அது மக்களின் வலிமை. இறுதியில் எல்லையைக் கேட்டார். அதுவே எண்ணும் வளையம். முதல் இரண்டிலும் முழு வெற்றி கண்டார். மூன்றாவதில் பாதிக்கு மேல் வென்றார். எஞ்சிய பாதி அவர் தோல்வி என்று நான் கருதவில்லை. எந்தக் கோட்டைக் கிழித்தாலும் அதன் இரு புறத்திலும் சிலர் சிறுபான்மையாகவே நிற்பர். அவர்களைக் காக்கும் வழி கோட்டை மீண்டும் மீண்டும் அழித்து வரைவதன்று. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் அவர்கள் மொழிக்குப் பள்ளியும், அவர்கள் வயலுக்கு நீரும் உறுதி செய்வதே. பாறசாலைத் தமிழ்க் குழந்தைக்கு நாம் கேட்பதை, விளவங்கோட்டு மலையாளக் குழந்தைக்கு மறுக்கலாகாது.

இக்கட்டுரையைப் படிக்கும் நீங்கள் பலர் முதல் வாக்கை அண்மையில்தான் அளித்திருப்பீர்கள். சிலர் இனி அளிக்கப்போகிறீர்கள். 1948 இல் 21 வயதில் வாக்களித்தவர் இன்று இருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பார். அத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. வரும் விடுமுறையில் ஊர் செல்லும் எல்லைப்புறத்து மாணவர்கள், நம் வீட்டு முதியோரிடம் அத்தேர்தல்களைப் பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் எந்தச் சாவடிக்கு நடந்தார்கள், யார் தடுத்தார்கள், எந்தப் பெட்டியில் இட்டார்கள் என்பதெல்லாம் வேண்டும். விளவங்கோட்டார் மட்டும் அல்லர், பாறசாலையாரும் நெய்யாற்றின்கரையாரும் எழுதுங்கள். தமிழ் எழுத வராதவர் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்வோம். சட்டசபை ஏட்டில் வென்றவர் பெயர் இருக்கிறது. வாக்களித்தவர் கதை இன்னும் ஏடேறவில்லை. அதனை ஏற்றும் பணி நம்முடையது.

வாழ்க தமிழ்! வளர்க எல்லை கடந்த அன்பு!